சரவணன் பெயரில் விழுந்த வெட்டு

பாப்பா,

எழுத்து பெரிது பெரிதாக இருப்பதைப் பார்த்து அப்பா கோபத்தில் எழுதுகிறார் என்று நினைத்துவிடாதே. உன் மேஜை டப்பாவில் இருந்த கறுப்பு மார்க்கரை எடுத்து எழுதுகிறேன். மெல்லிய பேனாவில் எழுதினால் கோடு எங்கே போகிறது என்று எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதை முதலிலேயே சொன்னால், அனுதாபம் தேடுகிறார் என்று நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து போனில் நீ கேட்டாயே, “முப்பத்தஞ்சு வருஷம் அளந்து பாத்தவர் நீங்க. பத்திரிகையில வெட்டு மூணு மில்லிமீட்டர் தள்ளிப்போனது உங்க கண்ணுக்குத் தெரியாமப் போச்சாப்பா? வேணும்னேதான் பண்ணீங்க” என்று. சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஏழு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. எட்டாவது தடவை கூப்பிட்டால் எரிச்சலில் நம்பரையே பிளாக் பண்ணிவிடுவாயோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது பெற்ற பெண் தன்னை அப்படி நினைக்கிறாள் என்றால், ஒரு மனுஷனுக்குச் சோறு இறங்குமா?

நீ வாங்கின அந்தக் கட்டிங் மெஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு பயம் உண்டு. ஆபீஸ் வேலை போக மீதி நேரத்தில் நீ அதில் பிறந்தநாள் கேக்கில் குத்துகிற பெயர், வளைகாப்புப் பையில் கட்டுகிற சீட்டு என்று செய்து விற்க ஆரம்பித்தாய். நம் திருமுல்லைவாயல் ஃபிளாட்டின் ஹாலில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். அட்டையை ஒட்டின பிளாஸ்டிக் விரிப்பை, நீ மேட் என்பாயே, அதை உள்ளே கொடுத்ததும் சின்ன வண்டி ஒன்று இடமும் வலமும் ஓடும். அதில் இரண்டு பிடி. இடது பிடியில் மார்க்கர், வலது பிடியில் பிளேடு. மார்க்கர் கீழே இறங்கிப் பெயரை எழுதுகிற வரைக்கும் பிளேடு தன்னைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்க் கூடவே வரும். எழுதி முடித்ததும் மார்க்கர் மேலே ஏறிக்கொள்ளும், பிளேடு இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். ஒருநாள் கேட்டேன், “ஏம்மா, பேர் எழுதிட்டிருக்கும்போதே பிளேடு தவறி எறங்கிட்டா?” “எறங்காதுப்பா.” “எறங்கிட்டா?” “எறங்கினா அட்டை போகும், வேற அட்டை வெப்பேன். உயிரா போயிடும்?” என்று சிரித்தாய். நான் எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் கடையில் அடித்த பத்திரிகை வேண்டாம், நாற்பது பத்திரிகை நானே செய்வேன் என்று நீ பிடிவாதம் பிடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சந்தன நிற அட்டை, நடுவில் தங்க மார்க்கரில் மேலே சரவணன், கீழே நித்யா, ஓரத்தைச் சுற்றி மாவிலை வடிவத்தில் துளைகள். முப்பத்துமூன்றை முடித்துவிட்டு ஆபீஸ் வேலையாக பெங்களூருக்குக் கிளம்பினாய். மீதி ஏழு பத்திரிகையை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு தாளில் எழுதியும் வைத்தாய். பேனா இடதில், பிளேடு வலதில், இரண்டையும் முதலிலேயே மாட்டிவிடுங்கள், பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்குங்கள், பேனா முடிந்ததும் மேட்டை வெளியே எடுக்காதீர்கள் என்று. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு வேறு. எனக்கா அதைச் சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு முறுக்கு. ஆவடியில் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேஸ்திரி என் மண்டையில் ஏற்றியது அதுதானே. மெஷினில் பிடித்த பாகத்தை எல்லா வேலையும் முடிகிற வரை கழற்றக் கூடாது. கழற்றி மாட்டினால் அது பழைய இடத்தில் உட்காரவே உட்காராது. அதைக் கழற்றியவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அப்படிப்பட்ட நான்தான் அதைச் செய்தேன். முதல் பத்திரிகை சம்பந்தி வீட்டுக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுக்க வேண்டும். உன் அம்மா இருந்திருந்தால் அவள் பாட்டுக்குச் செய்திருப்பாள், நான் என்ன ஏது என்று கேட்டிருக்க மாட்டேன். எப்போது தடவுவது என்று எனக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மார்க்கரை மாட்டினேன், பிளேடை மாட்டினேன், பட்டன் மேல் விரலை வைத்தேன். அப்போது திடீரென்று ஒரு சந்தேகம். உங்கள் இரண்டு பேர் பெயரும் முதன்முதலாகச் சேர்ந்து எழுதப்படுகிற இடத்தில், மஞ்சள் படுவதற்கு முன்னால் இரும்பு படலாமா? பிளேடைக் கழற்றிவிட்டேன். எழுத்தைத் தனியாக, வெட்டைத் தனியாக அனுப்புவது எப்படி என்று போனில் ஒரு வீடியோ தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டேன். மார்க்கர் மட்டும் எழுதி முடித்தது. மேட்டை வெளியே எடுத்தேன். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, மறுபடி மேட்டை உள்ளே கொடுத்து பிளேடை ஓடவிட்டேன். பெயர்களிடமிருந்து பிளேடைத் தள்ளி வைப்பதாக நினைத்துக்கொண்டு செய்த காரியம் அது. மேட் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. உன் பெயர் சின்னது, தப்பித்தது. சரவணன் பெயர் நீளம், அதன் வால் மேல் ஒரு மாவிலை வெட்டு விழுந்துவிட்டது. மஞ்சள் ஈரத்தில் அட்டை ஊறியிருந்ததால் அந்தத் துண்டு கீழே விழாமல் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன், பாப்பா. எனக்கு முழுசாகத்தான் தெரிந்தது. கவரில் போட்டு ஒட்டி, போன வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்த சரவணனிடமே கொடுத்து அனுப்பினேன்.

மீதி ஆறையும் நீ எழுதி வைத்தபடியே ஒரே ஓட்டமாக ஓடவிட்டேன். ஆறும் பழுதில்லை. நான் தலையிடாததால் பழுதில்லை. ஏழில் ஒன்று மட்டும், அதுவும் அவர்கள் வீட்டுக்குப் போனது மட்டும், அதிலும் அவன் பெயர் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உன் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். நான் பேசின பேச்சும் அப்படி. அவன் சென்னீர்குப்பத்தில் ஏதோ கிடங்கில் ஏ.சி. மெக்கானிக், அதுவும் கான்ட்ராக்ட்டில் என்று நீ சொன்ன அன்று, “நிரந்தரமா?” என்ற ஒரே கேள்வியை நான் எத்தனை தினுசாகக் கேட்டேன் என்று எனக்கே நினைவிருக்கிறது. அந்தக் கிடங்கு வாசலில் போய் வாட்ச்மேனிடம் அவனைப் பற்றி விசாரித்தேன் என்று தெரிந்து நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு தடவைதான் போனேன் என்று அன்று சொன்னேன். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை வாட்ச்மேன் எனக்கு ஸ்டூல் போட்டு டீ வாங்கிக் கொடுத்து, “பெரியவரே, அது தங்கமான புள்ள. இத்தோட நிறுத்திக்கினு ஊட்டுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பினான். அதற்கு அப்புறம்தான் நான் சம்மதித்தேன். நீ அழுததால் சம்மதித்தேன் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருப்பாய்.

நடுவில் எடுத்துப் பார்க்கிற இந்தப் புத்தி எனக்கு இன்று வந்ததில்லை. உன் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? லாக் டேபிளை எடுத்துக்கொண்டு போனாயா என்று சந்தேகம் வந்து, பள்ளிக்கூடத்துக்கே வந்து பியூனைக் கெஞ்சி உன்னை வெளியே கூப்பிட வைத்தேன். நீ பியூரெட்டைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்த நேரம். வந்து, “இருக்குப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போவதற்குள் கவனம் சிதறி, நிறம் மாறுகிற இடம் தாண்டிப்போயிற்று. அதற்காக நீ என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் பேசாமல் இருந்தாய். அது திட்டுவதைவிட மோசம்.

இன்னொன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. உன் அம்மா வயிற்றில் கட்டி என்றதும், டாக்டர் தேதி தரவில்லை, தரவில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய். முதல் வாரத்திலேயே தேதி கொடுத்துவிட்டார். கத்தி என்ற பேச்சைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இன்னொரு டாக்டர், அப்புறம் இன்னொரு டாக்டர் என்று நான்கு மாதம் இழுத்தேன். அவள் ஒரு கட்டத்தில், “நீங்க பயப்பட்டு முடிச்சதும் சொல்லுங்க, நான் ரெடியா இருக்கேன்” என்று கேலி பண்ணினாள். கடைசியில் ஆபரேஷனுக்கு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. முன்னாடியே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம். ஆறு வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ என்னைத் திட்ட வேண்டுமென்றால் பத்திரிகையை விடு, இதற்குத் திட்டு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்க நெமிலிச்சேரிக்கு லோக்கல் ட்ரெயின் ஏறிப் போனேன். சரவணன் அம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றார், ஆனால் முகம் வரச் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். “இன்னா சம்பந்தி இது? எம்புள்ள பேர பாதி அறுத்துட்டு, நாலு மூலையிலயும் மஞ்ச தடவி அனுப்பிகிறீங்க. எங்க நாத்தனா எதிர்க்கத்தான் கவர பிரிச்சேன். ‘ணன்’னு ஒரு துண்டு பொத்துனு கீழ வுழுந்துச்சு. அத்த பெருக்குறதா, கையில எடுக்குறதானு தெரியாம நின்னுகினு இருந்தேன் நானு.” மெஷினில் மேட் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். “மிசினு மேல பழி போடாதீங்க. நீங்க மொதல்லயிருந்தே எம்புள்ளைய வேணாம்னவரு. அத்த வாயால சொல்லிட்டுப் போங்க, பரவால்ல. பேர ஏன் வெட்டுறீங்க?” என்றார். சரவணன் டீ கொண்டுவந்து நீட்டினான். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை டீபாய் மேல் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். டீபாய் அந்த இடத்தில் இல்லை. டம்ளர் உருண்டு டீ முழுக்கத் தரையில் ஓடியது. அந்த அம்மா நான் கோபத்தில் தள்ளிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஸ்டேஷன் வரைக்கும் சரவணன் கூடவே வந்தான். படியில் இறங்கும்போது என் முழங்கையை மெல்லப் பிடித்துக்கொண்டான், நான் உதறவில்லை. பிளாட்பாரத்தில் எதிரே இருந்த ஒரு போர்டைக் காட்டி, “அங்கிள், அதுல இன்னா எழுதிகீது, படிங்க” என்றான். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் நிற்கிறோம், வேறென்ன எழுதியிருப்பார்கள் என்ற தைரியத்தில், “நெமிலிச்சேரின்னு போட்டிருக்கு” என்றேன். “கழிப்பறைனு போட்டுகீது அங்கிள்” என்றான். பிறகு, “எத்தினி நாளா இப்படி?” என்று கேட்டான். எட்டு மாசம் என்று சொன்னேன். இடது கண்ணில் புரை முழுசாக மூடிவிட்டது, வலதில் பாதி. டாக்டர் உடனே எடுக்கச் சொன்னார். கண்ணுக்குள் பிளேடு போகும் என்று நினைத்தாலே எனக்கு வியர்த்துவிடும். கல்யாணம் முடியட்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரிந்தால் கல்யாணத்தைத் தள்ளிவைப்பாய், அல்லது கல்யாணத்துக்கு அப்புறமும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்பாய் என்று பயம். பேப்பரை உன் எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, டிவியில் கேட்ட செய்தியையே படித்ததுபோல உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கண்டுபிடிக்கவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் அளந்தவன் என்ற பெயர் எனக்கு அந்த அளவுக்குத் துணை நின்றது.

“நித்யாகிட்ட நான் சொல்லட்டா?” என்றான். வேண்டாம் என்றேன். “அப்ப நீங்களே சொல்லுங்க. வியாழக்கெழமைக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். அவ அங்க அழுதுகினு கீறா அங்கிள். எங்கப்பாவ நான் என்னன்னு நெனச்சிட்டேன்னு ஒரு நிமிசம், வேணும்னேதான் பண்ணியிருப்பாருன்னு ஒரு நிமிசம்.” அவனுக்கும் என் மேல் கோபம் இருக்கத்தானே செய்யும்? வெட்டுப்பட்டது அவன் பெயர் அல்லவா? கேட்டேன். “இருந்துச்சு. டம்ளர நீங்க காத்துல வெச்சீங்க பாருங்க, அப்பவே போயிடுச்சு” என்றான். என் கண் விஷயத்தை அவன் அம்மாவிடம் நேற்று இரவே சொல்லிவிட்டானாம். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாரா என்று தெரியவில்லை.

வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். என் மனசில் அவனைப் பற்றி ஒரு மூலையில் தயக்கம் இருந்தது உண்மை. அந்தத் தயக்கம்தான் மஞ்சள், இரும்பு என்று என்னை ஆட்டிவைத்ததோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல உனக்கு எழுத மாட்டேன். இதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, கேட்டுக்கொள். நீ என் பெண், என் புத்தி உனக்கும் வந்திருக்கிறது. அவன் வண்டியை எடுத்தால் அம்பத்தூர் தாண்டினாயா, ஆவடி தாண்டினாயா என்று நீ அனுப்புகிற மெசேஜை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டால் அதை நடுவில் உருவி எடுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்காதே, கண்ணு. சண்டை வரும்போதும் அப்படித்தான். அவனை நிறுத்தி வைத்து, நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அளக்காதே. அளக்க எடுத்தாலே அது இடம் மாறிவிடும். இதை எனக்கு மெஷினில் சொல்லிக்கொடுத்தார்கள், வீட்டுக்கு எடுத்து வர எனக்குத் தெரியவில்லை. நீயாவது எடுத்துக்கொள்.

இன்று காலை ஏழு மணிக்குச் சரவணன் வண்டியோடு கீழே வந்து நின்றுவிட்டான். கேட்காமல் கூட்டிக்கொண்டு போய்விட்டான் கண் ஆஸ்பத்திரிக்கு. வியாழக்கிழமை இடது கண். வெட்டு அரிசி மணி அளவுகூட இருக்காது என்று டாக்டர் சொன்னார், நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் பொறுமையாக அதையேதான் சொன்னார். கல்யாணத்தன்று ஓமப் புகைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார வேண்டுமாம். உன் அத்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கிளம்பும் முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள். உடன் இருப்பவர் பெயர், உறவு என்று இரண்டு கட்டம். நர்ஸ், “நான் எழுதட்டுமா சார்?” என்று கேட்டாள். வேண்டாம் என்று வாங்கி, மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, சரவணன் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். உறவு என்ற இடத்தில் கை நின்றது. பக்கத்தில் நின்றவன், “தெரிஞ்சவருனு போடுங்க அங்கிள், இன்னா இப்ப” என்றான். நான் மருமகன் என்று எழுதினேன். இரண்டும் கட்டத்துக்குள்ளே இருக்கிறதா என்று அவனிடமே கேட்டேன். முழுசா கீது என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது, அதனால் நான் முழுக்க நம்பவில்லை. வியாழக்கிழமை எட்டு மணிக்கு என்னை உள்ளே கூட்டிப்போவார்கள், போனை அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதை இன்றே சரவணனிடம் கொடுத்துக் கூரியரில் போடச் சொல்கிறேன், புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடுமாம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, பாப்பா. எட்டு மணிக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு.

அப்பா